தில்லிக்கு மணல் கொடுத்த ஊர்

கிட்வாய் நகரில் குடியிருப்பவர்களுக்கு விடுமுறை நாள் என்றால் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட், சாயங்காலம் தில்லி ஹாட், கிருத்திகை வந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் குதுப்மினார். நான்கு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஹரித்வார், ரிஷிகேஷ். தெற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால், தில்லியின் எல்லைக்குள்ளேயே, சந்தடி ஓய்ந்துபோன ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. பட்டி மைன்ஸ். இத்தனை வருடத் தில்லி வாழ்க்கையில் அங்கே போய்வரச் சொல்லி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே வெட்டியது தங்கமோ நிலக்கரியோ அல்ல. செம்மண் நிறத்தில் பரபரவென்று இருக்கும் மணல். ஆரவல்லி மலையின் குவார்ட்சைட் பாறை சிதைந்து உதிர்ந்த மணல் அது. தில்லி மேஸ்திரிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பதர்பூர். அந்த மணலோடு வெண்மணலும் கட்டடக் கல்லும் இங்கிருந்து போயின. சுதந்திரத்துக்குப் பிறகு அகதிகளாலும் அரசு ஊழியர்களாலும் தில்லி நாலா பக்கமும் வீங்கிய காலத்தில், அஸ்திவாரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் தேவைப்பட்ட மணலை இந்தக் குன்றுகள்தான் கொடுத்தன.

கிட்வாய் நகரும் அந்தக் காலத்துப் பிள்ளை. நேருவின் அமைச்சரவையில் முதலில் தகவல் தொடர்பையும் பிறகு உணவுத் துறையையும் கவனித்த ரஃபி அகமது கிட்வாய் 1954இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய இந்தக் குடியிருப்பில் மத்திய அரசு குமாஸ்தாக்களும் செக்‌ஷன் ஆபீசர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசம். பிள்ளைகளைச் சேர்க்கப் பக்கத்திலேயே லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, கும்பிடச் சரோஜினி நகர் பிள்ளையார். தாழ்ந்த கூரையும் வேப்பமர நிழலும் கொண்ட அந்தப் பழைய குவார்ட்டர்ஸ் கிழக்குக் கிட்வாய் நகரில் இப்போது இல்லை. 86 ஏக்கர் நிலத்தில் எல்லாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்களை எழுப்பிவிட்டார்கள். லோதி காலத்து தரியா கானின் சமாதி மட்டும் அந்தக் கோபுரங்களுக்கு நடுவே நிற்கிறது.

எங்கள் பகுதியில் மத்தியப் பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் உண்டு. போகலாமா என்று கேட்டதும் கிளம்பிவிட்டார். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு மார்கழிக் குளிரில் ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறினோம்.

“மாமா, நம்ம பழைய குவார்ட்டர்ஸ்ல இந்த மணல் இருந்திருக்குமா?”

“இல்லாம எப்படிப்பா? பூச்சு வேலைக்கு யமுனா மணல், கான்கிரீட்டுக்கு பதர்பூர். எஸ்டிமேட்ல ரெண்டையும் தனித்தனியா எழுதுவோம்.”

சத்தர்பூரில் இறங்கினால் அங்கிருந்து சாலை தெற்கே போகிறது. முதலில் கோயில், பிறகு பளிங்குக் கடைகள், பிறகு உயரமான மதில் எழுப்பிய பண்ணை வீடுகள். பண்ணை என்று பெயரே தவிர, பெரும்பாலானவை கல்யாண மண்டபங்கள், மாளிகைகள். ஃபதேபூர் பேரி கிராமத்து இளைஞர்கள் உடம்பை முறுக்கேற்றி நகரத்து விடுதிகளில் பவுன்சர்களாக வேலை பார்க்கிறார்கள் என்று பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. சாலையில் உடற்பயிற்சிக் கூடப் பலகைகள் தெரிந்தபோது அது நினைவுக்கு வந்தது. இன்னும் உள்ளே போனால் ராதா சுவாமி சத்சங்கத்தின் பரந்த வளாகம். 2020 ஜூலையில் 10,000 படுக்கைகளோடு கோவிட் மருத்துவ மையம் திறந்தார்களே, அது இங்கேதான்.

அதையும் தாண்டினால் சாலை ஏறி இறங்க ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் முள் மரம். வண்டிச் சத்தம் குறைகிறது. மதில்கள் முடிந்து செங்கல் வீடுகள் தொடங்குகிற இடத்தில் சஞ்சய் காலனி. அதுதான் பட்டி மைன்ஸ்.

மண் வெட்டப் பிறந்தவர்கள்

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஓட் சமூகத்தார். குளம் வெட்டுவது, கால்வாய் தோண்டுவது, சாலைக்கு மண் நிரவுவது, இவைதாம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொழில். கழுதைகளில் மண் ஏற்றிக்கொண்டு வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து போவார்கள். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதனின் வம்சம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் குடியிருப்புக்கும் பகீரத நகர் என்ற பெயரே அவர்களுக்கு உவப்பு. ஒரு நாள் குடித்த கிணற்றில் மறுநாள் குடிப்பதில்லை, தினமும் புதிதாகத் தோண்டியே குடிப்போம் என்று அவர்களுடைய முன்னோர் சபதம் எடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை அர்ஜுனன் என்பார்கள், பகீரதன் என்றும் சொல்வார்கள். அந்தச் சிற்பத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பகீரதன் அந்நியனில்லை. அவனுடைய பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருப்பதுதான் மனதை அறுக்கிறது.

தமிழ்நாட்டில் கிணறு வெட்டியும் கல் உடைத்தும் அணைகளுக்கு மண் சுமந்தும் வாழ்ந்த போயர் சமூகத்தாரை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை பழகியதாகவே தோன்றும். குஜராத்தில் ஓட் பெண் ஒருத்தியின் கதை இன்றும் பாடப்படுகிறது. பாட்டன் நகரத்தில் சித்தராஜ ஜெயசிங்கன் வெட்டிய பெரிய ஏரிக்கு மண் சுமக்க வந்தவள் ஜஸ்மா. மன்னன் அவளை விரும்பினான். அவள் மறுத்தாள். அவளுடைய கணவனை மன்னன் கொன்றான். அவள் தீயில் இறங்கினாள், இந்த ஏரியில் தண்ணீர் நிற்காது என்று சபித்துவிட்டு. பவாய் என்னும் நாட்டார் கூத்து வடிவில் வாழ்ந்த இந்தக் கதையை சாந்தா காந்தி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். மண் சுமந்தவளின் மானத்தை ராஜாவின் பெருமைக்கு மேலே வைத்துப் பாடிய மக்கள் இவர்கள்.

பிரிவினையில் சிந்து, முல்தான் பக்கமிருந்து இந்தியாவுக்குள் வந்த ஓட் குடும்பங்களில் ஒரு பகுதி தில்லியின் தென்கோடிக்கு வந்து சேர்ந்தது. வேலை இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் குழி குழியாகக் குத்தகை எடுத்துத் தோண்டவைத்தார்கள். 1970களின் நடுவில் தில்லி நிர்வாகத்தின் தொழில் வளர்ச்சிக் கழகம் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. நெருக்கடி நிலைக் காலம் அது. சஞ்சய் காந்தியின் பெயர் குடியிருப்புக்கு வந்ததும் அப்போதைய அரசியலின் தடம்தான். ஆக, இவர்கள் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் அல்லர். அரசே முதலாளியாக இருந்து வேலை வாங்கிய தொழிலாளர்கள். கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோண்டும் முறை சாதாரணம், ஆபத்து அசாதாரணம். கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் சரிவின் அடியைக் குடைந்து கொண்டே போவார்கள். மேலே தாங்குகோல் கிடையாது. ஈரம் கண்டாலோ வெயிலில் பிளந்தாலோ மேல்மண் மொத்தமாகச் சரியும். இப்படிப் புதைந்து இறந்தவர்கள் பலர். உயிர்ச்சேதமும் காடு அழிவதும் சேர்ந்து பேசப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் சுரங்க வேலை நின்றது. லாரிகள் நின்றன. கூலி நின்றது. மனிதர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

பெண்களில் பலர் துணிக் கழிவைப் பிரித்து வாழ்கிறார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வெட்டித் தள்ளும் துண்டுத் துணிக்கு இங்கே கத்ரன் என்று பெயர். வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாக அது குவிந்திருக்கிறது. நிறம் பார்த்து, நூல் பார்த்துப் பிரித்து, உதவுவதை உருவி எடுக்கிறார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பண்ணை வீடுகளின் தோட்ட வேலைக்கும் போகிறார்கள். மதிய வெயிலில் திண்ணையோரம் உட்கார்ந்திருந்த மூத்த பெண்கள் மாமாவைப் பார்த்து ‘ராம் ராம்’ சொன்னார்கள். எங்கிருந்து வருகிறோம் என்பதை விட என்ன அளக்க வந்திருக்கிறோம் என்பதுதான் அவர்கள் அறிய விரும்பியது. நோட்டுப் புத்தகத்தோடு வருகிற யாரும் அந்த ஊரில் வீட்டை இடிக்க வந்தவராக இருக்கக்கூடும். ஒன்றும் அளக்க வரவில்லை, ஊர் பார்க்க வந்தோம் என்றதும் தேநீர் வந்தது.

குழிகள் ஏரியான கதை

ஊரைச் சுற்றி இருப்பது அசோலா பட்டி வனவிலங்கு சரணாலயம். 1986இல் அசோலாவும் அதை ஒட்டிய கிராமங்களின் பொதுநிலமும், 1991இல் பட்டியும் சேர்ந்து மொத்தம் 32.71 சதுர கிலோமீட்டர். ஆரவல்லித் தொடர் குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக வந்து தில்லியில் முடிகிறது. அதன் வால்பகுதிதான் தில்லிவாசிகள் ரிட்ஜ் என்று சொல்லும் இந்தக் குன்றுகள். 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறை. ராஜஸ்தான் பக்கத்துப் புழுதிக் காற்றைத் தடுப்பதும், மழைநீரை விரிசல்கள் வழியே நிலத்தடிக்கு அனுப்புவதும் இந்தக் குன்றுகள்தாம். கியாசுதீன் துக்ளக் 1320களில் துக்ளகாபாத் கோட்டையை எழுப்பியதும் இந்த ஜாதிக் கல்லைக் கொண்டுதான்.

சுரங்கம் மூடிய பிறகு ஆழமான பள்ளங்கள் அப்படியே கிடந்தன. மழைநீர் தேங்கியது. சில இடங்களில் அது வற்றாத நீலமாக நின்றுவிட்டது. நீலி ஜீல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் நீர்நிலை அப்படிப் பிறந்ததுதான். செங்குத்தாக வெட்டிய காவி நிறச் சுவர், அடியில் பச்சை கலந்த நீலம், மேலே முட்புதர். பார்க்க அத்தனை அழகு. இறங்கினால் அத்தனை ஆபத்து. இயற்கை ஏரிக்கு இருப்பதுபோல் படிப்படியான கரை இந்தப் பள்ளங்களுக்குக் கிடையாது. ஓரடி தள்ளினால் ஆள் மூழ்கும் ஆழம். இந்தக் குன்றுகளில் இப்படிப்பட்ட குட்டைகளில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் மூழ்கி இறப்பது தொடர்கிறது. மேலே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2000ஆம் ஆண்டில் பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் படை ஒன்று இங்கே வந்தது. ராஜ்புத் ரெஜிமெண்டைச் சேர்ந்த 132ஆம் பட்டாலியன். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் மண் வளம் போன சரிவுகளில் குழி எடுத்து, நீர் சுமந்து, கன்று நட்டார்கள். அவர்களுடைய பெரிய எதிரி நமக்கும் எதிரி: சீமைக்கருவேலம். வெள்ளைக்காரர் காலத்தில் ரிட்ஜைப் பசுமையாக்கக் கொண்டுவந்து விதைத்த மெக்சிகோ மரம் தௌ, புரசு போன்ற மண்ணின் மரங்களை ஒடுக்கிவிட்டது. ராமநாதபுரத்துக்காரர் ஒருவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் ஊருக்கு வந்துவிட்டேன் என்றுதான் நினைப்பார். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டு அது தமிழகம் முழுக்கப் பேச்சானது போல, தில்லியிலும் அதை எப்படிப் படிப்படியாக எடுப்பது என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை.

மரம் வந்தது, மிருகங்களும் வந்தன. நீலகாய், நரி, முள்ளம்பன்றி, எங்கு பார்த்தாலும் மயில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சரணாலயத்தின் துக்ளகாபாத் பக்கத்தில் ஒரு பாதுகாப்புக் கல்வி மையம் நடத்துகிறது. தானியங்கி கேமராக்களில் சிறுத்தைகள் பதிவாகியிருக்கின்றன. நாடாளுமன்றம் இருக்கும் நகரத்தில் சிறுத்தை குட்டி போட்டு வாழ்கிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி. குரங்குகள் வந்தது வேறு வழியில். தில்லி உயர் நீதிமன்றம் 2007இல் நகரத்துக் குரங்குகளைப் பிடித்து இங்கே விடச் சொன்னது. அமைச்சர்கள் வீட்டுத் தோட்டத்தில் தொல்லை கொடுத்தவை பட்டி மைன்ஸ் வீடுகளின் கூரைக்கு மாறின. இந்த இடமாற்றத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

தோண்டுவது எங்கே போனது?

பட்டியில் குழி மூடினாலும் நகரத்தின் பசி மூடவில்லை. ஃபரிதாபாத், குருகிராம் குன்றுகள் உடைந்தன. ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களைப் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி பி.என்.பகவதி அமர்வு 1983 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களின் பாடம். லால் குவான் பகுதியில் ஓடிய கல் அரவை ஆலைகளை 1992இல் உச்ச நீதிமன்றம் தில்லியை விட்டு அகற்றியது. ஆலை போய்விட்டது, அங்கே வேலை செய்தவர்களின் நுரையீரலில் சிலிகாத் தூசி தங்கிவிட்டது. சிலிக்கோசிஸ் வந்தால் மீட்சியில்லை. 2002இலும் 2009இலும் உச்ச நீதிமன்றம் ஹரியானா ஆரவல்லிச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. அதற்குள் ஃபரிதாபாதின் பட்கல் ஏரி வறண்டு போயிருந்தது. ஜஸ்மாவின் சாபம் இப்படியும் பலிக்குமோ என்று நினைக்கத் தோன்றியது.

2025 நவம்பரில், சுற்றியுள்ள நிலத்திலிருந்து 100 மீட்டராவது உயர்ந்த குன்றுதான் ஆரவல்லி என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் இறுதியில் அதே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பாறைத் திட்டு 100 மீட்டர் உயரம் இல்லை. அதன் கீழேதான் மழைநீர் இறங்குகிறது, அதன் மேல்தான் மயில் உலவுகிறது. உயரத்தை வைத்து மலையை அளப்பது தவறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மாமா கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசினார். தமிழனுக்குச் சுரங்க ஊர் என்றால் அதுதானே. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியது 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. மூடிய பிறகும் அவர்கள் லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கோலாரைப் பற்றிப் படம் வருகிறது, நாவல் வருகிறது. தங்கத்துக்கு இருக்கும் கவர்ச்சி மணலுக்கு இல்லை. பட்டி மைன்ஸைப் பற்றி நம்மில் யாரும் பாடவில்லை.

இந்த ஊரின் கேள்வி இன்னும் தீரவில்லை. சரணாலயத்துக்கு நடுவே இருப்பதால் குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று 1990களில் ரிட்ஜ் வழக்குகளில் தொடங்கிய பேச்சு இன்றும் தொங்குகிறது. 2019இல் தில்லியின் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளுக்கு உரிமை தரும் திட்டம் வந்தபோது வனநிலத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. காடு வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காட்டை அழித்தது இந்த மக்களின் பேராசையா? அரசு கூலி கொடுத்துத் தோண்டச் சொன்னது, நகரம் அந்த மணலில் வீடு கட்டிக்கொண்டது. அந்தக் கணக்கில் கிட்வாய் நகர்வாசியான எனக்கும் பங்குண்டு. ஊரின் எல்லையைக் கறாராக வரைந்து, அதற்கு மேல் ஓர் அடி விரியாமல் பார்த்துக்கொண்டு, உள்ளே இருக்கும் குடும்பங்களுக்குப் பட்டாவும் குழாய்த் தண்ணீரும் கொடுப்பதுதான் நியாயம். கன்று நடவும் காவல் காக்கவும் அந்த மண்ணை அறிந்த கைகளையே வேலைக்கு எடுக்கலாம்.

தில்லித் தமிழர்களுக்கு இது வேறு யாருடைய துக்கமோ அல்ல. 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரத்து மதராசி கேம்ப்பை இடித்தார்கள். 370 தமிழ்க் குடும்பங்களின் வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் வடகோடி நரேலாவில். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் தென் தில்லியில் பழகியவர்கள் அங்கிருந்து எப்படி வந்து போவார்கள்? அந்தக் கால்வாயின் மேல் ஓடும் பாலம் கிட்வாய் நகர் அருகே ஐ.என்.ஏ.வில் வந்து இறங்குகிறது. தினமும் அதில் போய்வருகிறோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஐப்பசி முடிந்து பங்குனிக்குள் போய்விடுங்கள். பங்குனியில் புரசு பூத்துக் குன்று சிவந்திருக்கும். காலையிலேயே கிளம்புங்கள், குடிநீர் கையில் இருக்கட்டும். சரணாலயத்துக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி தேவை. கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அருகே உள்ள துக்ளகாபாத் வாயிலில் கேட்டுக்கொள்ளலாம். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். குட்டையில் இறங்காதீர்கள். சஞ்சய் காலனிக்குள் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தேநீர் குடியுங்கள், நீங்கள் யார் என்று சொல்லுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: பட்டி மைன்ஸ் மக்களுக்குப் பட்டா எப்போது?